ஏத்தத்துக்குன்னே பொறந்த வண்டி

— நீயே சொல்லும்மா, பாத்ரூமுக்கு யாராவது கருப்பு டைல்ஸ் போடுவாங்களா? என் வீட்டுக்காரி ஒத்தக் கால்ல நின்னுட்டா. கடைக்காரன் அவளுக்கு மேல. "இப்ப எல்லாரும் இதத்தான் சார் கேக்குறாங்க"ன்னு சொல்லித் தலையில கட்டிட்டான்.

— விக்கிறவங்க அப்படித்தானே சார் சொல்வாங்க.

— அது சரி. நானும் விக்கிறவன்தான், எனக்குத் தெரியாதா!

— நீங்க என்ன சார் விக்கிறீங்க?

— வண்டிம்மா. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல பெரிய ஷோரூம் இருக்குல்ல, அங்க நான்தான் சேல்ஸ் மேனேஜர். அட, நீ ஓட்டுற இந்த பிக்கப்பே எங்ககிட்ட இருந்து போனதுதான். ஏறும்போதே பாத்தேன். கலர்தான் இடிக்குது. அப்பல்லாம் வெள்ளை மட்டும்தான் வந்துச்சு.

— பச்சை நான் அடிச்சது சார். நான் பழசாத்தான் வாங்கினேன்.

— நல்லா வெச்சிருக்கே. தப்பா நினைச்சுக்காதே, டைல்ஸ் கடை வாசல்ல உன்னப் பாத்ததும் எனக்குக் கொஞ்சம் பக்குன்னு இருந்துச்சு. பொம்பளப் புள்ள, லோடு வண்டி, அதுவும் மழை பெஞ்ச ரோடு. என் கார் சர்வீஸுக்குப் போகாம இருந்திருந்தா நான் பாட்டுக்குப் பின்னாடியே வந்திருப்பேன். மேல வீட்டுல நான் நிக்கலைன்னா, இறக்குறவன் பாதி டைல்ஸை உடைச்சுட்டுத்தான் இறக்குவான்.

— எல்லாருக்கும் பக்குன்னுதான் சார் இருக்கும். எனக்குப் பழகிடுச்சு. இந்த மாடல இப்ப நிறுத்திட்டாங்களாமே?

— நிறுத்திட்டாங்க. ஜனங்களுக்கு அதோட அருமை புரியல.

— எனக்கும்தான் புரியல. கை மாறி வந்த வண்டி, யாரும் எடுத்துச் சொல்லல. நீங்க சொல்லுங்களேன். நான் புதுசா வாங்க வந்திருக்கேன்னு வெச்சுக்குங்க.

— இப்பவா? ஓடுற வண்டியிலயா?

— மேடு வர இன்னும் நேரம் இருக்கு சார். சும்மா ஒரு ஆசை.

— சரி, கேட்டுட்டே. சிம்பிளா சொல்றேன். மத்த பிக்கப்புல எஞ்சின் முன்னாடி இருக்கும், ஆனா பின் சக்கரம்தான் தள்ளும். அதுக்காக அடியில நீளமா ஒரு ஷாஃப்ட் ஓடும். அது ஓடணும்னா லோடு ஏத்துற பாடிய உயரத் தூக்கி வைக்கணும். இதுல அந்தக் கதையே இல்ல. முன் சக்கரமே இழுத்துடும். அடியில ஷாஃப்ட் கிடையாது, பாடி தாழ்ந்து வந்துடுச்சு. முட்டி உயரத்துக்கு மூட்டையத் தூக்கினாப் போதும், உள்ள தள்ளிடலாம். முதுகு வலி மிச்சம், டீசல் மிச்சம், ஷாஃப்ட் ரிப்பேர் மிச்சம். மாட்டு வண்டிய எடுத்துக்கோ. மாட்ட எங்க கட்டுறோம், பின்னாடியா?

— முன்னாடி.

— அவ்வளவுதான் விஷயம். இழுக்கிறது முன்னாடிதான் இருக்கணும்.

— அழகாச் சொல்றீங்க சார். கேட்டா யாருக்கும் வாங்கத் தோணும். ஏத்தத்துல எப்படி?

— ஏத்தமா? ஏத்தத்துக்குன்னே பொறந்த வண்டிம்மா இது.

— அப்படிங்களா.

— என்ன, சிரிக்கிறே?

— ஒண்ணுமில்ல சார். அதே வார்த்தைய எங்கேயோ கேட்ட மாதிரி இருந்துச்சு. கெட்டியாப் பிடிச்சுக்குங்க, மேடு வந்துடுச்சு.

— இரு இரு. நீ இந்த வழியாவா போறே?

— உங்க வீட்டுக்கு வேற வழி ஏது சார்? மேட்டுக் காலனிக்கு இருக்கிறது இது ஒண்ணுதானே.

— அது இருக்கு. நான் காருல வந்து போற வழிதான். கேக்கணும்னு நினைச்சேன், லோடு எவ்வளவு ஏத்தியிருக்கே?

— நீங்க வாங்கினது மொத்தமும் சார். ஒரு டன்னுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். ரெண்டு நடை எதுக்குன்னு ஒரே நடையா ஏத்திட்டேன். கடைசி வரைக்கும் அடுக்கி, தார்ப்பாய் போட்டுக் கட்டியாச்சு.

— கடைசி வரைக்கும்னா? பின் கதவு வரைக்குமா?

— ஆமா சார். பாரம் முழுக்கப் பின்னாடிதான்.

— என்னம்மா நீ, கேபின் பக்கமா சேத்து அடுக்கக்கூடாதா?

— எதுக்கு சார்?

— எதுக்குன்னா... சும்மாதான். அடுக்குனா ஒரு பேலன்ஸ்.

— முன்னாடிதானே சார் இழுக்குது. பின்னாடி எவ்வளவு இருந்தா என்ன?

— அதுவும் சரிதான். இருந்தாலும் தரை ஈரமா இருக்கு பாரு. பாதிய இங்க இறக்கி வெச்சுட்டுப் போயிடலாம். நான் வேணும்னா இங்க காவலுக்கு நிக்கிறேன்.

— சார், உங்க குரல் ஏன் மாறிப்போச்சு? இப்பத்தான் நல்லா வித்துட்டு வந்தீங்க.

— மாறல, மாறல. நிதானமாப் போம்மா. என்ன இது, ஏன் வண்டி இப்படித் திணறுது?

— பாரம் சார்.

— சக்கரம் சுத்துது! சத்தம் கேக்குதா? முன் சக்கரம் நின்ன இடத்துலயே சுத்துது!

— கேக்குது. வளைவு வரைக்கும் வந்துட்டோம், பயப்படாதீங்க. இங்க நிறுத்திக்கிறேன். பிரேக்க மிதிச்சுட்டுத்தான் இருக்கேன்.

— நீ மிதிச்சுட்டே இரு. கால எடுக்காதே. நான் இறங்கிக்கிறேன். ஐயோ, கதவு திறக்க மாட்டேங்குது.

— சுவர் இடிக்குது சார். தடுப்புச் சுவரை ஒட்டி நிறுத்திட்டேன். உங்க பக்கம் ஒரு ஜாண்கூடத் திறக்காது.

— அப்ப உன் பக்கமா விடு.

— நான் இறங்கினா பிரேக்க யாரு மிதிப்பா? ஒண்ணு செய்யலாம். வண்டிய ரெண்டடி முன்னாடி எடுக்கிறேன், சுவர் தாண்டிடும். நீங்க இறங்கி, பெரிய கல்லா ஒண்ணு பாத்து, பின் சக்கரத்துக்கு அண்டக் கொடுங்க. அப்புறம் நான் ஒரே மூச்சுல ஏத்திடுறேன்.

— எடுக்காதே!

— ஏன் சார்?

— எடுத்தா முன்னாடி போகாதும்மா. சக்கரம் சுத்தும், வண்டி பின்னாடிதான் வரும். கல்லாவது மண்ணாவது, ஏறிக் குதிச்சுட்டு வந்துடும்.

— அப்படியா சங்கதி. ஏத்தத்துக்குன்னே பொறந்த வண்டி பின்னாடி வருமா?

— வெளையாடுற நேரமா இது? நான் சொல்றதக் கேளு. மெதுவா, பிரேக்க விட்டு விட்டுப் பிடிச்சு, அப்படியே கீழ இறக்கு. கீழ போய்த் திருப்பிக்கோ. ரிவர்ஸ்ல ஏத்து.

— ரிவர்ஸ்லயா?

— ஆமா, ரிவர்ஸ்லதான்! பின்பக்கத்த மேல காட்டி ஏறினா, சரிவுல பாரமெல்லாம் முன் சக்கரத்து மேல வந்து உக்காரும். அப்பப் பிடிப்பு கிடைக்கும். இந்த வண்டிய ஈரத்துல ஏத்த அது ஒண்ணுதான் வழி.

— இதெல்லாம் உங்களுக்கு எப்படி சார் தெரியும்?

— எப்படியோ தெரியும். நீ முதல்ல இறக்கு.

— எப்பத் தெரியும்?

— என்னது?

— எப்ப இருந்து தெரியும்னு கேட்டேன். நேத்துல இருந்தா? மூணு வருஷத்துக்கு முன்னாடியேவா?

— நீ யாரும்மா?

— நான் டைல்ஸ் கடை டிரைவர் சார்.

— இல்ல. நீ யாரு?

— மூணு வருஷம் முன்னாடி உங்க ஷோரூமுக்கு ஒருத்தன் வந்தான். உயரமா இருப்பான், பேசுறதுக்கு முன்னாடி தொண்டையச் செருமுவான். கூட அவன் பொண்டாட்டியும் வந்தா. சிமெண்ட் லோடு அடிக்கணும், மேட்டுக் காலனியில வீடு மேல வீடா வருது, அங்கதான் வேலைன்னு சொன்னான். நீங்க அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தீங்க. மாட்டு வண்டிக் கதை சொன்னீங்க. நான் அவன் தங்கச்சி.

— அடக் கடவுளே.

— இது அந்த வண்டிதான் சார். பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்துச்சு. நானே வாங்கி, நானே தட்டி நிமிர்த்தி, நானே பச்சை அடிச்சேன். இந்த இடத்தையும் நல்லாப் பாத்துக்குங்க. இந்த வளைவுலதான் முன் சக்கரம் சுத்துச்சு. "பாதி மூட்டைய இறக்கிடலாம்"னு எங்க அண்ணி சொல்லியிருக்கா. "ஷோரூம்காரர் சொல்லியிருக்காரு, ஏறிடும்"னு எங்க அண்ணன் சொல்லியிருக்கான். அவ மறுபேச்சு பேசல. இறங்கிப் போய்ப் பின் சக்கரத்துக்குக் கல்லு வெச்சா. "வெச்சாச்சு, எடுங்க"ன்னு சத்தம் கொடுத்தா. அவன் எடுத்தான்.

— போதும்மா.

— போதாது சார். அவன் எடுத்தான், வண்டி பின்னாடி வந்துச்சு.

— எனக்கு அதுல என்னம்மா சம்பந்தம்? விபத்து எங்கதான் நடக்கல? அவருக்குக் கிளட்ச் சரியாப் பிடிக்கத் தெரியல.

— காலை எடுக்கட்டுமா சார்?

— வேணாம்! வேணாம்!

— அப்ப ஒழுங்காப் பேசுங்க. எங்க அண்ணன் பத்து வயசுல டிராக்டர் ஓட்டினவன். உங்களுக்கு எப்பத் தெரியும்?

— ...முதல்லயே தெரியும்.

— சத்தமா.

— முதல்லயே தெரியும்மா! வண்டி சந்தைக்கு வர்றதுக்கு முன்னாடியே எங்களையெல்லாம் கூப்பிட்டு ட்ரெயினிங் கொடுத்தாங்க. ஒரு சரிவுல தண்ணி ஊத்தி, பின்னாடி மண் மூட்டை அடுக்கி, ஏத்திக் காட்டினாங்க. முன்பக்கம் தூக்கிக்கிச்சு. சக்கரம் சும்மா சுத்துச்சு, வண்டி வழுக்கிட்டு வந்துச்சு. நாங்கல்லாம் சிரிச்சோம். அப்புறம் ட்ரெயினிங் கொடுத்த ஆளு வண்டியத் திருப்பி ரிவர்ஸ்ல ஏத்திக் காட்டினாரு. கை தட்டினோம்.

— கை தட்டினீங்களா?

— தட்டினோம். மேடு பள்ளம் இருக்கிற இடத்துல லோடு அடிக்கிறவனுக்கு இத விக்காதீங்க, பால், ரொட்டி, பூன்னு சமதரையில போறவங்களுக்கு மட்டும் கொடுங்கன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க.

— எங்க அண்ணன் மேட்டுக் காலனின்னு உங்ககிட்ட சொன்னானா இல்லையா?

— சொன்னாரு.

— அப்புறம்?

— ஒரே ஒரு வண்டி மழைக்காலம் பூரா யார்டுல நின்னுச்சும்மா. முதலாளி தினமும் என்னக் கூப்பிட்டு அதைக் காட்டுவாரு. "உன் பொண்ணுக்குச் சீதனமாக் கொடுத்துடேன்"னு பத்து பேருக்கு முன்னாடி கேப்பாரு. எனக்கு அத எப்படியாவது வெளிய தள்ளணும். உங்க அண்ணன் வந்தாரு. நல்ல மனுஷன், கேள்வியே கேக்கல.

— அவ கேட்டா. எங்க அண்ணி.

— ஆமா. அந்தப் பொண்ணுதான் கேட்டுச்சு. "ஏத்தத்துல நிக்குமா சார்"னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— என்ன சொன்னேன்னு உனக்குத்தான் தெரியுமே.

— எனக்குத் தெரியும். உங்க வாயால வரணும்.

— ஏத்தத்துக்குன்னே பொறந்த வண்டின்னு சொன்னேன்.

— ரிவர்ஸ்ல ஏத்துன்னு ஒரு வார்த்தை. டீ குடிக்கிற நேரத்துல சொல்லி முடிச்சிருக்கலாம். இப்ப உங்க உயிருன்னு வந்ததும் நான் கேக்காமலே வந்துச்சே, அது அன்னிக்கு எங்க சார் போச்சு?

— சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டாரும்மா.

— அதோட விட்டீங்களா? ஸ்டேஷன்ல போய் என்ன சொன்னீங்க?

— அத விடும்மா, உன் கால்ல விழறேன்.

— சேதி கேட்டு இங்க வந்து பாத்தப்ப எங்க அண்ணன் வாயில வாடை வந்துச்சுன்னு சொன்னீங்க. வண்டியில குறை இல்ல, ஓட்டினவன் குடிச்சிருந்தான்னு சொன்னீங்க. காய்ச்சலுக்குக் கஷாயம் குடிக்கவே மூக்கப் பிடிச்சுக்கிறவன் சார் அவன். குடிச்சிருந்தானா?

— இல்ல.

— முழுசாச் சொல்லுங்க.

— உங்க அண்ணன் குடிச்சிருக்கல. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. கிளட்ச்சும் இல்ல, பிரேக்கும் இல்ல. அந்த வண்டிய அந்த பாரத்தோட எவன் ஓட்டியிருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். தெரிஞ்சேதான் வித்தேன். வண்டி மேல பழி வந்தா என் வேலை போயிடும்னு அவர் மேல போட்டேன். போதுமா? இப்ப இறக்கும்மா. என் வீட்டுக்காரி எனக்காகக் காத்துட்டிருப்பா.

— எங்க அண்ணனுக்கும் ஒரு வீட்டுக்காரி இருந்தா சார். அவ போன நாள்ல இருந்து அவன் ஸ்டீயரிங்கத் தொடல. சோத்துத் தட்டுக்கு முன்னாடி உக்காந்தாக்கூட வலது கால் தானாத் தரைய மிதிக்கும். பிரேக்க மிதிக்கிறானாம். "நான்தான் கொன்னுட்டேன் பாப்பா"ன்னு சொல்வான், வேற பேச்சே கிடையாது. எல்லாரும் இல்லைன்னு சொல்லிப் பாத்துட்டோம். நாங்க பாசத்துல சொல்றோமாம். நம்ப மாட்டேங்குறான். தெரிஞ்சவன் ஒருத்தன் சொன்னாத்தான் நம்புவான்னு எனக்குப் புரிஞ்சுச்சு. உங்க பேர்ல டைல்ஸ் பில் போட்ட அன்னிக்கே என் முதலாளிகிட்ட, இந்த லோடு எனக்குத்தான்னு கேட்டு வாங்கினேன். உங்க கார் சர்வீஸுக்குப் போற நாளா விசாரிச்சுத்தான் வண்டிய எடுத்தேன்.

— சரிம்மா. அவரு முன்னாடி வந்து சொல்றேன். கால்ல விழுந்துகூட சொல்றேன். உயிரோட கீழ இறக்கி விடு.

— பயப்படாதீங்க சார், வண்டி எங்கயும் போகாது. ஹேண்ட் பிரேக்க அடிவாரத்துல இருந்தே பாதி இழுத்து வெச்சிருந்தேன். அதான் திணறுச்சு, அதான் சக்கரம் சுத்துச்சு. இப்ப முழுசா இழுத்திருக்கேன். நான் கால எடுத்து ரொம்ப நேரமாச்சு.

— என்னம்மா சொல்றே? அப்ப ஒரு டன் பாரம்?

— உங்க டைல்ஸெல்லாம் கடையிலயே பத்திரமா இருக்கு. தார்ப்பாய்க்கு அடியில ஒரு ஆளு பாரம்தான் சார். கேபின் பின் கண்ணாடிய நேத்தே கழட்டி வெச்சுட்டேன், ஒரு வார்த்தை விடாமக் கேட்டிருப்பான். அண்ணே! கேட்டியா? இப்பவாவது நம்புறியா?

— கேட்டேன் பாப்பா.

— தம்பி! தம்பி, நான் உங்ககிட்ட...

— நீங்க பேசாதீங்க சார். எங்க அண்ணனப் பேச விடுங்க. அண்ணே, நீ ஒண்ணும் பண்ணல. அவரே சொல்லிட்டாரு. வா, இறங்கி முன்னாடி வா. வீட்டுக்குப் போலாம்.

— வர்றேன். கால் மரத்துப்போச்சு, மெதுவாத்தான் இறங்க முடியுது. அவ இந்தப் பக்கந்தான் நின்னா, பாப்பா. சுவரோரம்.

— தெரியும்ணே. அதெல்லாம் இப்ப வேணாம். என் கதவு வழியாவே ஏறிக்கோ. அந்தப் பக்கம் சாரு இருக்காரு, நீ நடுவுல உக்காந்துக்கோ.

— மூணு வருஷமா நான் ஒருத்தன்தான் குத்தவாளின்னு நினைச்சேன். என்னை என்ன செய்யணுமோ அதை நானே எனக்குச் செஞ்சுக்கிட்டேன். இப்ப மனசு லேசா இருக்கு, பாப்பா. நல்ல காரியம் பண்ணினே.

— அண்ணே, ஹேண்ட் பிரேக்குல ஏன் கை வெக்கிறே? சாவிய நான் எடுத்துடுறேன். நான் ஓட்டுறேன். அவரு சொல்லிட்டாரு, அவ்வளவுதான் எனக்கு வேணும். அண்ணே, அதோட போதும்!

— உனக்குப் போதும்.

— ஏம்மா, என்னம்மா பண்றாரு? சொல்லும்மா அவருகிட்ட! என் பக்கம் கதவு திறக்காதும்மா!

— சாவி அதுலயே இருக்கட்டும். நீ இறங்கு, பாப்பா. இறங்கி தூரமாப் போ, வண்டிக்குப் பின்னாடி மட்டும் நிக்காதே.